இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை தொடங்கியவர்கள் இதயத்தைக் காத்துக்கொள்ளும் முறை

என் தாயாருக்கு 58-ஆவது வயதில் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் ஒருநாள் விடாமல் போட்டார். பிறகு ஒரு மருந்துக் கடையில் அளந்து பார்த்தபோது 126/78 என்று வந்ததும், "அதான் சரியாகிவிட்டதே, இனி எதற்கு வயிற்றில் மருந்தைக் கொட்டுவது?" என்று அன்றோடு நிறுத்திவிட்டார். ஆறு வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. ஏழாவது வாரம் ஒரு திருமண மண்டபத்தில் மாடி ஏறும்போது மூச்சு வாங்கி, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை அளந்தபோது 178/104. எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை) எடுத்துப் பார்த்ததில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு மாத்திரையை விட்ட ஆறு வாரத்தில் வந்திருக்க முடியாது என்றும், நோய் இருப்பதே தெரியாமல் கழிந்த ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் சேர்ந்தது என்றும் மருத்துவர் விளக்கினார்.

மருந்துக் கடையில் வந்த 126/78 மாத்திரை உடலில் இருந்ததால் வந்த எண். காய்ச்சல் மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தலாம். இரத்த அழுத்த மாத்திரையோ பெரும்பாலானவர்களுக்கு மூக்குக் கண்ணாடி போன்றது, போட்டிருக்கும் வரையில்தான் எழுத்து தெரியும். இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டவர்களுக்கு மற்ற வழிமுறைகள் எல்லாம் எளிதாகிவிடும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் மருத்துவரைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம்; மீதி நாட்களின் சிகிச்சை வீட்டில்தான் நடக்கிறது. அந்த நாட்களைப் பற்றியதே இந்த வழிகாட்டி.

இதயத்துக்குள் என்ன நடக்கிறது

இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தை உடலெங்கும் தள்ளுகிறது. குழாய்களுக்குள் அழுத்தம் கூடுதலாக இருந்தால் அந்த அறை எதிர்ப்பை மீறித் தள்ள வேண்டியிருக்கிறது. சுமை தூக்குபவரின் புஜம் திரள்வதைப்போல இதயத் தசையும் திரள்கிறது. ஆனால் திரண்ட இதயச் சுவர் விறைப்பானது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் முழுமையாகத் தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ள அதனால் இயலுவதில்லை. வாங்கப்படாத இரத்தத்தின் அழுத்தம் பின்னோக்கி நுரையீரலில் ஏறும்போதுதான் மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது. இதே காலத்தில் இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகளின் உட்சுவர் சேதமடைந்து கொழுப்பு படிகிறது. மேலறை விரிந்து துடிப்பு ஒழுங்கு தவறினால் அங்கே இரத்தம் கட்டியாகி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கவும் கூடும்.

நல்ல செய்தி என்னவென்றால், அழுத்தத்தைக் குறைத்து நீண்ட காலம் குறைவாகவே வைத்திருந்தால் தடித்த சுவர் ஓரளவு மெலிகிறது. மேல் எண்ணை, அதாவது 126/78 என்பதில் முதலில் வரும் 126 போன்றதை, 10 அளவு குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், இதயச் செயலிழப்பு மட்டும் எடுத்துக்கொண்டால் கால் பங்குக்குச் சற்று மேலும் குறைகின்றன என்பதை, ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு காட்டியது. 150-இலிருந்து 140-க்கு வருவது பெரிய மாற்றமாகத் தோன்றாது. இதயத்தைப் பொறுத்தவரை அது பெரிய மாற்றமே.

முதலில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தவறாக அளந்த எண்ணை வைத்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் தவறான எடைக்கல்லை வைத்து வியாபாரம் செய்வதற்குச் சமம். வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, அழைத்தவுடன் ஓடிவந்து உட்கார்ந்து, சட்டைக் கையின் மேலேயே பட்டையைக் கட்டி, செவிலியரின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே எடுத்த அளவு பல நேரங்களில் உண்மையைவிட அதிகமாகவே இருக்கும். சிலருக்கு மருத்துவமனையில் மட்டும் அழுத்தம் ஏறும். வேறு சிலருக்கு மருத்துவர் முன்னால் சரியாக இருந்து வீட்டில் ஏறிக் கிடக்கும். இரண்டாவது வகையே ஆபத்து கூடியது, ஏனென்றால் அதை யாரும் தேடுவதில்லை. ஆகவே வீட்டில் ஒரு கருவி இருப்பது நல்லது.

மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவியை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது கையை வைக்கும் நிலைக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். வாங்குவதற்கு முன், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை ஒரு டெய்லர் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். கருவியோடு வழக்கமாக வரும் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் வரையிலான கைகளுக்கே பொருந்தும். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத கொதிப்பையும் அது இருப்பதாகக் காட்டும். எங்கள் வீட்டில் இதனால் ஒரு குழப்பமே நடந்தது. என் மாமாவுக்குக் கை 36 சென்டிமீட்டர். சாதாரணப் பட்டையில் அவருக்கு எப்போதும் 160-க்கு மேல். பெரிய பட்டை வாங்கிக் கட்டிய அன்று 142.

அளக்கும் முறை இதுதான். காபி, தேநீர், புகை எதுவாக இருந்தாலும் அரை மணி நேரம் முன்பே முடித்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாயும் நாற்காலியில், பாதங்கள் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அளப்பது நம் வீடுகளில் சகஜம், அதைத் தவிர்த்துவிடுங்கள். சட்டைக் கையைச் சுருட்டி மேலேற்றினால் அதுவே இறுக்கும் கயிறாகிவிடும் என்பதால், கையைச் சட்டையிலிருந்து உருவி வெளியே எடுப்பதே சரி. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு போதும். கையை மேசைமேல், பட்டை இதயத்தின் மட்டத்தில் வரும்படி வைத்து, தேவையானால் கீழே ஒரு தலையணை கொடுங்கள். அளக்கும்போது பேசாதீர்கள், அடுத்தவரையும் பேச விடாதீர்கள். தொலைக்காட்சித் தொடரும் நிற்கட்டும்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். முதல் நாள் மட்டும் இரு கைகளிலும் அளந்து, எதில் கூடுதலாக வருகிறதோ அந்தக் கையையே இனி வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஏழு நாள், காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பும், இரவு உணவுக்கு முன்பும் அளந்து, முதல் நாள் அளவை விட்டுவிட்டு மற்ற ஆறு நாட்களின் சராசரியை எடுங்கள். உங்கள் உண்மையான இரத்த அழுத்தம் அதுவே. மற்ற காலங்களில் வாரத்துக்கு ஓரிரு நாள் போதும். மணிக்கு ஒருமுறை அளந்து பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு. அந்தப் பதற்றமே அடுத்த அளவை ஏற்றிவிடும்.

எந்த எண்ணை நோக்கிப் போக வேண்டும்

மருத்துவமனையில் 140/90, வீட்டுச் சராசரியில் 135/85 என்பவையே உயர் இரத்த அழுத்தத்துக்கு நம் நாட்டில் பொதுவாகக் கொள்ளப்படும் எல்லைகள். அமெரிக்காவில் 2017 முதல் 130/80-ஐயே எல்லையாக வைத்திருக்கிறார்கள். சிகிச்சையில் முதல் இலக்கு 140/90-க்குக் கீழே வருவது. அது தாங்கிக்கொள்ளப்பட்டால், குறிப்பாகச் சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகப் பாதிப்பு ஏதேனும் இருந்தால், 130/80-க்குக் கீழே கொண்டுவருவது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மேல் எண்ணிலேயே கூடுதல் கவனம் வைக்க வேண்டும். "கீழ் பிரஷர் சரியாக இருக்கிறதே" என்பது அந்த வயதில் ஆறுதல் ஆகாது.

இன்னும் கீழே போனால் இன்னும் நல்லதா? 2015-இல் வெளியான ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க ஆய்வில் 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மேல் எண் 140-க்குக் கீழும் மற்றதற்கு 120-க்குக் கீழும் இலக்கு வைத்தார்கள். 120 இலக்குப் பிரிவில் இதயப் பாதிப்புகள் ஏறத்தாழ கால் பங்கு குறைந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். ஆனால் அதே பிரிவில் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடின. சர்க்கரை நோயாளிகளும் பக்கவாதம் வந்தவர்களும் அதில் சேர்க்கப்படவே இல்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே எண் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் இலக்கு எது என்று மருத்துவரிடம் கேட்டு, அளவு எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பல ஆண்டுகளாக மாத்திரை போடுபவர்களில் பலருக்குத் தங்கள் இலக்கு என்னவென்றே தெரியாது.

தொடக்கத்திலேயே சில பரிசோதனைகளைக் கேட்டுப் பெறுங்கள்: இரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டுவது), சோடியம், பொட்டாசியம்; சிறுநீரில் புரதம்; ஒரு ஈசிஜி. முப்பது வயதுக்கு முன்பே கொதிப்பு வந்தவர்களுக்கும், மூன்று மருந்து போட்டும் அடங்காதவர்களுக்கும் சிறுநீரகத் தமனிச் சுருக்கம், அட்ரினல் சுரப்பிக் கோளாறு போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது அழுத்தத்தை ஏற்றும், சொல்லாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

மாத்திரைகளோடு வாழ்வது

இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த மாத்திரைகள் இல்லாத காலம் வெகு தொலைவில் இல்லை. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளை இரத்தக் கசிவில் இறந்தபோது அவருடைய மேல் எண் 300-ஐத் தாண்டியிருந்தது. உலகின் வலிமை வாய்ந்த நாட்டின் தலைவருக்கே கொடுக்க உருப்படியான மருந்து அப்போது இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1949-இல், பம்பாயைச் சேர்ந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் நம் சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதியபோதுதான் மேலை மருத்துவ உலகம் அந்த வேரைத் திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் பல ஆண்டுகள் பயன்பட்டது. மனச்சோர்வு உள்ளிட்ட பக்க விளைவுகளாலும், அதைவிட நல்ல மருந்துகள் வந்ததாலும் பின்னுக்குப் போனது. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்" என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இந்தக் கதையின் இரண்டாம் பாதியையும் நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது பெரும்பாலும் மூன்று குடும்பங்களிலிருந்து மருந்து தொடங்குகிறார்கள். உறை மேலுள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். ஆம்லோடிபின் இரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது. சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது சிறுநீரகம் கெட்டதற்கான அடையாளம் இல்லை, மருந்தின் அளவைக் குறைத்தாலோ வேறு மருந்தைச் சேர்த்தாலோ வற்றிவிடும். டெல்மிசார்டன், லோசார்டன் ஆகியவையும், அவற்றுக்கு உறவான எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவையும் குழாயைச் சுருக்கும் ஒரு சுரப்பு வழியைத் தடுக்கின்றன. எனலாப்ரில் வகையில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் இருமல் டானிக் குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த இரு வகைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடும் என்பதால், தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். கருத்தரித்தவர்களும், கருத்தரிக்க நினைப்பவர்களும் இவற்றை எடுக்கக் கூடாது, சிசுவைப் பாதிக்கும். மூன்றாவது, குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற, உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் நீர் மாத்திரைகள். வயதானவர்களுக்கு இவை சோடியத்தை மிகவும் இறக்கிவிட்டால் சோர்வும் குழப்பமான பேச்சும் வரும்; "வயசாகிவிட்டது, அதனால்தான்" என்று விட்டுவிடாமல் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

மருத்துவர் இரண்டாவது மருந்தைச் சேர்த்தால் நோய் முற்றிவிட்டது என்று கலங்க வேண்டாம். ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பதால் கிடைக்கும் கூடுதல் பயன் சிறிது, பக்க விளைவோ அதிகம். வேறு குடும்பத்து மருந்தைச் சிறிய அளவில் சேர்ப்பதே கூடுதலாகக் குறைக்கும். இரண்டும் ஒரே மாத்திரையாகக் கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். எண்ணிக்கை குறையக் குறைய மறதியும் குறைகிறது.

காலையிலா இரவிலா என்ற கேள்வி பல வீடுகளில் நடக்கிறது. பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2022-இல் வெளியான டைம் என்ற ஆய்வில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மறக்காமல் போட எந்த நேரம் தோதானதோ அதுவே நல்ல நேரம். பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலோ காபிப் பொடி டப்பா பக்கத்திலோ வைத்துக்கொள்ளலாம். என் தாயார் இப்போது மாத்திரை அட்டையின் பின்புறம், ஒவ்வொரு குழிக்கும் நேராகப் பேனாவால் தேதி எழுதி வைத்திருக்கிறார். போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் அட்டையே பதில் சொல்லிவிடுகிறது. ஒருநாள் மறந்து அன்றைக்கே நினைவு வந்தால் உடனே போடலாம்; மறுநாள்தான் நினைவு வந்தால் அன்றைய ஒன்றை மட்டும் போடுங்கள், இரண்டாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம்.

விரதத்துக்காகவும், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதற்காகவும் தாமாகவே மாத்திரையை விட்டுவிடுவதும் நம்மிடையே உண்டு. தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் போடலாம் என்றே சொல்வார்கள். குறிப்பாக, மேலே சொன்ன மூன்று குடும்பங்களில் சேராத மெட்டோப்ரோலால், அட்டெனோலால், குளோனிடின் ஆகிய மருந்துகளைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. அடக்கி வைத்திருந்த துடிப்பும் அழுத்தமும் குதித்தெழும். இதயத் தமனி அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். இதற்கு மாறாக, கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றும் நாட்களில் டெல்மிசார்டன் வகையும் நீர் மாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால், அன்றே மருத்துவரை அழைத்து ஓரிரு நாள் நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள்.

மாத்திரை ஒழுங்காகப் போட்டும் எண் இறங்கவில்லையென்றால் வீட்டிலுள்ள மற்ற மருந்துகளைப் பாருங்கள். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை, மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகள், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளிலுள்ள சோடியம் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். தொண்டைக்கு நல்லதென்று தினமும் மெல்லும் அதிமதுரம் பொட்டாசியத்தை இறக்கி அழுத்தத்தை ஏற்றும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

மருந்துச் செலவு ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. ஆம்லோடிபின் போன்ற அடிப்படை மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தத்தை அளந்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். நடமாட முடியாத பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இதைக் கேட்டுப் பெற வேண்டும். அட்டையில் ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுவது நல்லது. தீபாவளி, பொங்கல் விடுமுறையில் கடை மூடிக் கிடந்ததால் நான்கு நாள் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

உப்புக் கணக்கு

"நான் உப்பே சேர்ப்பதில்லை" என்று சொல்லாதவர் இல்லை. அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளன்று அதன்மேல் தேதியை எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி, என்று வரையறுத்திருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் அது 20 கிராம். ஒரு கிலோ ஐம்பது நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் முதல் முறை இருபத்து நான்கு நாளில் தீர்ந்தது. ஊறுகாய் போட்டதையும் காய்கறி கழுவியதையும் கழித்தாலும் கணக்கு இடித்தது. இதில் கடையில் வாங்கிச் சாப்பிட்ட மிக்சரும் பிஸ்கட்டும் சேரவே இல்லை.

குறைக்க வேண்டிய இடங்களை வரிசையாகப் பார்த்தால், முதலாவது சோற்றில் போடும் உப்பு. குழம்பிலும் பொரியலிலும் ரசத்திலும் இருக்கும்போது சோற்றுக்குத் தனியாக எதற்கு? மோரிலும் தயிர்சாதத்திலும் போடுவது அடுத்தது. இட்லி மாவில் பாதியாக்கினால் சட்னி ஈடுகட்டிவிடும். ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், வடகம் ஆகியவை உப்பிலேயே வாழ்கின்றவை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்ந்திருக்கிறது, அதுவும் சோடியமே. உணவுப் பொட்டலங்களில் சோடியம் 400 மில்லிகிராம் என்றிருந்தால் ஒரு கிராம் உப்பு என்று கொள்ளுங்கள். எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றைச் சற்றுத் தூக்கலாக வைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். பழகிய பிறகு பழைய உப்பில் சமைத்த ஹோட்டல் சாம்பார் கரிக்கும்.

இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியடைபவர்கள் இருக்கிறார்கள். இந்துப்பும் கல்லுப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், விலைதான் வேறு. உண்மையிலேயே வேறானது, பொட்டாசியம் குளோரைடு கலந்த குறைந்த சோடிய உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் இதைக் கொடுத்துப் பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும், டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தை உடலில் தேக்கும் ஒரு நீர் மாத்திரை) எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பே நிலைகுலையும். கீரை, வாழைப்பழம், பருப்பு, இளநீர் ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம் சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு நன்மையே செய்கிறது. முருங்கைக் கீரையும் பூண்டும் நல்ல உணவுகள். அவற்றை நம்பி மாத்திரையை விடுவதுதான் தவறு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம், பேச முடிந்தாலும் பாட முடியாத வேகத்தில் நடக்க வேண்டும். கூடுதலாக உள்ள எடையில் ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் ஏறத்தாழ ஒன்று குறையும். மது அழுத்தத்தை நேரடியாக ஏற்றுகிறது. புகையும் புகையிலையும் தமனிகளைக் கெடுப்பதால், எண் சரியாக இருந்தாலும் மாரடைப்பை அழைத்து வரும். கொழுப்பும் சர்க்கரையும் கூடியிருந்தால் அவற்றுக்கான மருந்தும் இதயத்தைக் காக்கும் சிகிச்சையின் பகுதியே.

எண் திடீரென்று ஏறினால்

கருவி 180/120 அல்லது அதற்கு மேல் காட்டினால் முதலில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளக்கவும். அப்போதும் அதே அளவில் இருந்து, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும்; இந்த அறிகுறிகள் இருந்தால் எண் என்னவாக இருந்தாலும் அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால் அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாத அறிகுறி உள்ளவருக்கு ஸ்கேன் எடுக்கும் முன் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, வந்திருப்பது அடைப்பா கசிவா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் ஏறியிருந்தால், அன்றைய மாத்திரையை விட்டிருந்தால் அதைப் போட்டுவிட்டு, அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்கிப் போடுவதும், நிஃபெடிபின் மருந்தை நாக்கின் அடியில் வைப்பதும் வேண்டாம். பல நாள் உயரத்தில் பழகிய அழுத்தத்தைச் சட்டென்று தள்ளினால் மூளைக்கும் இதயத்துக்கும் போகும் இரத்தமே குறைந்துபோகும்.

மருத்துவரைப் பார்க்கும் நாளில்

தொடக்கத்தில் மாதம் ஒருமுறை, எண் இலக்கில் நின்ற பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். அன்றைய காலை மாத்திரையைப் போட்டுவிட்டே போங்கள். மருந்து உடலில் இருக்கும்போது எண் எப்படி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது. அளவு எழுதிய நோட்டு, இப்போது போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், சூரணமோ லேகியமோ எடுத்தால் அதுவும் பையில் இருக்கட்டும். எழுந்தவுடன் தலை சுற்றுகிறது என்றால் அதைச் சொல்லுங்கள். முதியவர்களுக்கு உட்கார்ந்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு முறையும் அளக்கச் சொல்ல வேண்டும். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பு முறியும் ஆபத்து உண்டு, அப்போது மருந்தை மாற்றியமைப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக் கருவியையும் கையோடு எடுத்துச் சென்று, மருத்துவமனைக் கருவியில் அளந்த அதே கையில், சில நிமிடம் விட்டு இதிலும் அளந்து, இரண்டு எண்ணையும் தேதியோடு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.